ஒரே கப்பலில் பதின்மூன்று பேர்

மட்டாஞ்சேரியில் வாழ்வோருக்குக் கப்பல் புதிதன்று. கப்பலில் ஏறுவதுதான் புதிது. மழைக்காலம் ஓய்ந்து வானம் வெளுத்ததும் எதிர்க்கரையில், வில்லிங்டன் தீவின் துறையில், வெள்ளை மாளிகைகளைப் போன்ற உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கும். அன்றைய தினம் யூதத் தெருவில் ஏலக்காய்க் கடைகள் வழக்கத்தினும் முன்னதாகத் திறக்கப்படும். வெயில் ஏறுவதற்குள் தொப்பி அணிந்த அயல்நாட்டு முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி வந்து சேர்வார்கள். 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி ஜெபாலயத்தின் நீலச் சித்திர ஓடுகளைக் குனிந்து பார்ப்பார்கள்; அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களின் முன் சற்று நேரம் நிற்பார்கள்; இருநூறு கிராம் மிளகும் ஒரு பொட்டலம் இலவங்கமும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

எங்களில் ஒருவர் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்த நிறுவனமொன்றில் 38 ஆண்டுகள் கணக்கெழுதியவர். மற்றவர் பள்ளியாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். இருவரும் அந்தக் காட்சியைப் பல்லாண்டுகளாகக் கடைவாசலில் நின்று கண்டிருக்கிறோம். பிறர் வீட்டுத் தாத்தா பாட்டிகள் பேரக் குழந்தைகளோடு கடலில் வருவதைப் பார்த்தே பழகிய எங்களுக்கு, நாமும் அவ்வாறு போகலாம் என்னும் எண்ணம் எழுபதை நெருங்கிய பின்னரே தோன்றியது. வரும் ஏப்ரல் இறுதியில், மகள், இரு மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஐவர் என மொத்தம் பதின்மூன்று பேராகக் கொச்சியில் ஏறி, லட்சத்தீவு கண்டு, மும்பையில் இறங்கும் மூன்றிரவுப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆயத்தத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும், சில இடங்களில் எங்களுக்கு ஏற்பட்ட உறுதியான கருத்தையும் வாசகர்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர்க்குக் கடற்பயணம் என்றாலே பிரிவுதான். மகளிரோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே ஒரு விதி வைத்திருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் என்ன பொருள் கொண்டாலும், கப்பல் ஏறியவன் தனியே போனான், வீட்டார் கரையில் நின்றார்கள் என்பதே நெடுங்கால உண்மை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களின் பேரன்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஔவை செல்வம் தேடுவதற்காகக் கடல் தாண்டச் சொன்னார். தேடிய செல்வத்தைச் செலவழிப்பதற்காகக் கடல் தாண்டும் முதல் தலைமுறை நாம்தான் போலும். ஆகவே இதற்கு வழிகாட்டும் பழக்கம் வீட்டில் எவரிடமும் இல்லை. திருமணத்துக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டால் சொல்வதற்கு அத்தைமார் உண்டு. கப்பலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்?

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் வகையில் உல்லாசக் கப்பல் வந்ததே அண்மையில்தான். 2019இல் தொடங்கிய ஜலேஷ் நிறுவனம் பெருந்தொற்றினால் 2020இல் மூடப்பட்டது. 1990இல் கட்டப்பட்ட எம்பிரஸ் என்னும் கப்பலைக் கொண்டு கார்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து சேவையைத் தொடங்கியது. பின்னர் கோவா, கொச்சி, லட்சத்தீவு, சென்னை, இலங்கை என்று வழிகள் விரிந்தன. கொச்சியில் 25.72 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட சாகரிகா பயணியர் முனையம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. இவ்வளவு இளைய தொழில் என்பதை மனத்தில் கொண்டால், ஓராண்டுக்கு முன்பே முழுப் பணத்தையும் செலுத்திவிடுவதில் அவசரம் காட்ட மாட்டோம். முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம், கப்பலே புறப்படாவிட்டால் பணமாகத் திரும்புமா அல்லது வேறொரு பயணத்துக்கான வரவாக மட்டும் வைத்துக்கொள்ளப்படுமா என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற்றோம். முகவர் சற்று முகம் சுளித்தார். கேட்டது நன்றே என்று இன்றும் நினைக்கிறோம்.

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். அது பணம்.

முதலில் நாங்கள் எண்ணியது எளிது. ஓய்வுக்காலப் பலனில் ஒரு நிலை வைப்பு இருக்கிறது; அதை முறித்துப் பதின்மூன்று பேருக்கும் நாமே கட்டிவிடலாம்; பிள்ளைகளுக்கு நம்முடைய பரிசாக இருக்கட்டும். இந்த எண்ணத்தில் பெருமை இருந்தது, கணக்கு இல்லை. நிலை வைப்பை முதிர்வுக்கு முன் எடுத்தால், வைத்திருந்த காலத்துக்குரிய வட்டி விகிதத்தில் ஒரு பகுதி கழிக்கப்படும் என்பது பெரும்பாலான வாடிக்கையாளர் அறிந்ததே. எங்களுக்கு உறைத்தது அந்தக் கழிவன்று. முறிக்க நினைத்த வைப்பு எதற்காகப் போடப்பட்டது என்னும் கேள்விதான். எங்களில் ஒருவருக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துள்ளன. மாற்று அறுவைக்கு மருத்துவர் நாள் குறிக்கவில்லையே தவிர, வழி அதுதான் என்று சொல்லிவிட்டார். அந்த வைப்பு அந்த முழங்கால்களுக்குரியது. அதைக் கப்பலில் கரைத்துவிட்டு, பின்னர் அறுவைக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டினால், நாம் கொடுத்தது பரிசா, முன்கூட்டி வாங்கிய கடனா?

ஆகவே பயணத்தை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தோம். மாதம் 10,000 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்குத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினோம். ஆறரை விழுக்காடு வட்டி என்று கொண்டால் 2,40,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 17,000 ரூபாய் வட்டி சேர்கிறது. பெருந்தொகையன்று. ஆனால் அது கப்பலுக்கென்றே பிறந்த பணம். வேறெதன் வாயிலிருந்தும் பறித்ததன்று. எங்கள் பங்கு இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெற்றோர் பிள்ளைகளிடம் எல்லை சொல்லிப் பழகாத குடும்பங்கள் நம்முடையவை.

கட்டணம், வரி, மும்பையிலிருந்து திரும்பும் ரயில், உதிரிச் செலவு எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. எஞ்சிய சுமார் இரண்டு லட்சத்தை மூன்று பிள்ளைகளும் பகிர வேண்டும். மூன்றால் வகுத்தால் முடிந்தது என்று கணக்கர் மூளை சொல்லிற்று. ஆனால் மூவரின் வருவாயும் மூன்று விதம். கோவையில் மகளும் மருமகனும் இருவரும் சம்பளம் வாங்குகிறவர்கள். மூத்தவன் பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கிறான். வீட்டுக் கடன் தவணையும் கட்டுகிறான். இளையவன் எறணாகுளத்தில் சிறு வாணிகம் செய்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குக் கைப்பிடிப்பான ஆண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையவன் தனியே வந்தான். நெடுநேரம் வேறு செய்திகள் பேசிய பிறகு, தன் குடும்பத்தின் முழுச் செலவுக்கும் 1,50,000 ரூபாய் தனிநபர்க் கடன் வாங்கப் போவதாகச் சொன்னான். "அக்காவும் அண்ணனும் கட்டும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா, அப்பா? அவள் மனம் என்ன பாடுபடும்?" என்று மனைவியைக் குறித்துக் கேட்டான். பழைய கணக்குப் பேரேட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 4,982 ரூபாய். மொத்த வட்டி 29,000 ரூபாய்க்கு மேல். மூன்று இரவுப் பயணத்துக்கு முப்பத்தாறு மாதத் தவணை. கைக்குழந்தையாக ஏறுகிறவள் எல்.கே.ஜி. சேரும்போதும் அந்தக் கடன் உயிரோடு இருக்கும்.

கடன் என்றாலே தீது என்னும் கொள்கை எங்களுக்கு இல்லை. இந்த மட்டாஞ்சேரி வீடே வங்கிக் கடனால் எழுந்தது; மகளின் படிப்பும் அவ்வாறே. வீடு நிற்கிறது, படிப்பு சம்பளம் தருகிறது. உல்லாசப் பயணம் இனிய நினைவைத் தரும், ஆனால் தவணையைக் கட்டாது. வங்கியின் இதழில் இதைச் சொல்வது பொருந்துமா என்று ஒரு கணம் தயங்கினோம். கடன் கொடுக்கும் இடத்திலேயே எந்தக் கடனை வாங்கக் கூடாது என்று பேசுவதுதான் முறை என்று துணிந்து எழுதுகிறோம்.

நாங்கள் கண்ட வழி இது. மூவரும் தம்மால் இயன்ற தொகையை ஒரு சீட்டில் எழுதி அம்மாவிடம் தர வேண்டும். யார் எவ்வளவு எழுதினார் என்பதை அம்மாவைத் தவிர வேறொருவரும், அப்பா உட்பட, அறியக்கூடாது. கூட்டுத்தொகை போதாவிட்டால் அறையின் தரம் குறையும், அல்லது பயணம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும். எவரிடமும் மறுபடி கேட்பதில்லை. சீட்டுகள் வந்தன. கூட்டுத்தொகை போதுமானதாகவே இருந்தது. எங்களில் ஒருவருக்கு இன்றுவரை அந்தப் பிரிவுத் தொகைகள் தெரியா. நாற்பது ஆண்டுகள் பிறர் கணக்கைத் துருவிய மனிதருக்கு அது சற்றுக் கடினமான நோன்பு என்பதை மற்றவர் இங்கே பதிவு செய்ய விரும்புகிறார்.

சமப்பங்கே நீதி என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. பங்கு சமமாயின் பின்னால் பேச்சு வராது என்பது அவர்கள் தரப்பு. பாகப்பிரிவினைக்கு அது பொருந்தலாம். ஒரே மேசையில் உண்டு, ஒரே தளத்தில் பேரக் குழந்தைகள் ஓடப்போகும் பயணத்தில், ஒருவன் மட்டும் ஒவ்வொரு கவளத்துக்கும் மனத்துக்குள் விலை போட்டுக்கொண்டிருப்பானேயானால், அந்தப் பயணத்தில் சமம் எங்கே இருக்கிறது?

தேதி குறிப்பதிலும் ஒரு போராட்டம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை லட்சத்தீவை மறந்துவிட வேண்டும். கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலப் பள்ளி விடுமுறைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாட்கள் மிகச் சில. ஏப்ரல் இறுதி வாரம் அவ்வாறு கிடைத்தது. திரும்பும் ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நாங்களும் மறந்திருந்தோம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து தெற்கே வரும் நேத்ராவதி போன்ற ரயில்களில் ஒன்பது இடங்கள் வேண்டுமென்றால், அறுபதாம் நாள் காலையிலேயே கணினியின் முன் உட்கார வேண்டும். மூத்த பேத்தி உட்கார்ந்தாள், கிடைத்தது.

அறைகளைத் தேர்ந்தெடுக்கையில் பிள்ளைகள் பால்கனி உள்ள அறையை விரும்பினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் ஐந்து வயதுச் சிறுவனும் இருக்கும் குடும்பத்துக்குக் கடலைப் பார்த்த பால்கனி வேண்டாம் என்று மறுத்துவிட்டோம். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. முனைகளிலும் மேல்தளங்களிலும் மிகுதி. அந்த அறைகளுக்கே கட்டணமும் பெரும்பாலும் குறைவு என்பது, கணக்கர்களுக்கு இயற்கை அளித்த சலுகை. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும், 24 வாரம் கடந்த கருவுற்ற பெண்களையும் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. வீட்டில் நல்ல செய்தி எதிர்பார்க்கும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன் இதை எண்ணிக்கொள்வது நலம்.

யார் அறையில் யார் உறங்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. பேரக் குழந்தைகள் எல்லாம் எங்கள் அறைக்கு வந்துவிட்டால் இளையவர்கள் நிம்மதியாக இருப்பார்களே என்று ஒருவர் சொன்னார். மற்றவர் மறுத்தார். தாத்தா பாட்டியை மூன்று இரவுகளும் சம்பளமில்லாக் காப்பாளர்களாக்கும் பயணங்கள் பலவற்றைச் சுற்றுவட்டாரத்தில் கண்டிருக்கிறோம். இளையவர்கள் இசை நிகழ்ச்சிக்குப் போவார்கள்; முதியவர்கள் இருட்டறையில் தொட்டில் ஆட்டுவார்கள். திரும்பி வந்து, பயணம் எப்படி என்று கேட்டால், கண்டது அறைச் சுவர் மட்டுமே. முடிவில், ஓரிரவு மட்டும் குழந்தைகள் எங்களிடம். மற்ற இரண்டு இரவுகள் அவரவர் பெற்றோரிடம் என்று தீர்மானித்தோம். மருமகள்களில் ஒருத்திக்கு முதலில் சற்று மனக்குறை. பிறகு அவளே, தன் தாய்க்கும் இவ்வாறு யாரேனும் சொல்லியிருக்கலாம் என்றாள்.

முதற்பயணம் செய்வோர் அனைவரும் ஓர் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. கொச்சியில் அதற்கு வசதி மிகுதி. வாட்டர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி நிலையமும் வில்லிங்டன் தீவு நிலையமும் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டன. அதில் போனால் உப்பங்கழியின் அமைதி மட்டுமே தெரியும். கடலின் குணம் தெரிய வேண்டுமானால் அழிமுகம் தாண்ட வேண்டும். கேரள அரசின் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழகம் நடத்தும் சாகரராணி, நெஃபர்டிட்டி என்னும் கலங்கள் சில மணி நேரக் கடலுலாவுக்கு அழைத்துச் செல்கின்றன. விடுமுறைக்கு அனைவரும் கூடியிருந்தபோது அவ்வாறு ஒன்றில் சென்று வந்தோம். துறைமுகத்தைக் கடந்து அலை எழுந்ததும் முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவன், உடற்பயிற்சியில் ஒருநாளும் தவறாத மூத்த மகன். முழங்கால் தேய்ந்த அம்மையார் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். இதை முன்கூட்டி அறிந்ததால் அவனுக்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வைத்திருக்கிறோம். கண் அழுத்தமோ சிறுநீர்த் தடையோ உள்ள முதியவர்களுக்குச் சில குமட்டல் மாத்திரைகள் ஒவ்வா. ஆகவே பக்கத்து வீட்டார் சொன்னதை வாங்கி விழுங்குவது ஆகாது.

அந்தப் படகிலிருந்து பார்க்கும்போது வில்லிங்டன் தீவு முழுவதும் தெரிந்தது. 1920இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்துக்கிடந்த மணற்றிட்டை வெட்டிப் பெருங்கப்பல்களுக்கு வழி செய்தார். தூர்வாரிய மண்ணைக் கொண்டு எழுப்பிய தீவு அது. 1928இல்தான் முதற் பெருங்கப்பல் உள்ளே வந்தது. பேரன் கேட்டான்: "தாத்தா, அப்படியானால் நாம் சேற்றின் மேல் நின்றுதான் கப்பலில் ஏறப் போகிறோமா?" ஆம் என்றோம்.

ஆவணங்களில் எங்களை ஆட்டிப்படைத்தது தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் இல்லாத தமிழர்களின் பழைய துன்பம் இது. பேத்தியின் ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது; முகவர் பதிவு செய்த சீட்டில் தந்தை பெயர் முழுவதும் விரிந்து, அதுவே முதற்பெயராகவும் மாறியிருந்தது. ஆக, எங்கள் பேத்தி தன் அப்பனின் பெயரில் கப்பலேற இருந்தாள். திருத்த மூன்று வாரங்கள் ஆயின. லட்சத்தீவுக்குள் செல்ல நுழைவு அனுமதி வேண்டும் என்பதால், பெயர் ஒவ்வோரிடத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருப்பது அவசியம். பதின்மூன்று ஆதார் அட்டைகளையும் சீட்டுகளையும் மேசைமேல் பரப்பி, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தோம். அந்நாளைய பேரேடு ஒப்பிடும் வேலைதான், கை மறக்கவில்லை.

வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நடுக்கடலில் அலைபேசிக் கோபுரம் இல்லை. ஆகவே அட்டைக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்தி அங்கே வந்து சேராது. செலுத்த வேண்டியவற்றை எல்லாம், அந்த நாட்களில் விழும் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் உட்பட, கரையிலேயே முடித்துவிட வேண்டும். சில கப்பல்களில் கடல்சார் அலைவரிசை ஒன்று அலைபேசியைத் தானாகவே பற்றிக்கொள்ளும். அதன் கட்டணம் மலைக்க வைப்பது. ஏறியதும் அலைபேசியை விமானப் பயன்முறையில் வைப்பதே பாதுகாப்பு. கப்பலுக்குள் பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாகிய அட்டையிலேயே செலவு ஏறும். அந்த அட்டை குழந்தைகள் கையிலும் இருக்கும். பழச்சாறு ஒவ்வொன்றும் தனிக் கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏறியவுடன் வரவேற்பு மேசையில் குழந்தைகளின் அட்டைக்குச் செலவு வரம்பு வைக்கச் சொல்லலாம். தீவில் இறங்கும்போது சில்லறை நோட்டுகள் உதவும். நகைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம். ஒரு மருமகள் தாலிச்சரடு மட்டும் போதும் என்று சொன்னபோது எங்களுக்கு மகிழ்ச்சி.

மருந்துகள் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது. பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, காது கேட்கும் கருவியின் மின்கலம் ஆகியவை கைப்பையில். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் அவருக்குக் கட்டணம் உண்டு, பெரிய அறுவை அரங்கு இராது. லட்சத்தீவில் பெருங்கப்பல் கரையைத் தொடாது; தூரத்தில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள். ஆடும் படகில் கால் வைப்பது முழங்கால் நோயாளிக்கு எளிதன்று. அன்று கடல் எவ்வாறு இருக்கிறதோ அதைப் பார்த்து, அம்மையார் இறங்காமல் கப்பலிலேயே இருக்கவும் கூடும் என்பதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். அன்று யார் உடன் இருப்பது என்று தொடங்கிய தகராற்றில் மூத்த பேத்தி வென்றாள். பவளத்துண்டு பொறுக்கி வருவது சட்டப்படி குற்றம் என்பதையும் சிறுவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். ஐந்து வயதினன் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

கப்பல் புறப்படும் நாளில் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி அவசரகால ஒத்திகை நடத்துவார்கள். அதைத் தவிர்த்துவிட்டு உணவுக்கூடத்துக்கு ஓடுவோர் பலர் என்று கேள்வி. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாகவே 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. 2012இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலர் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்னும் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு தொலைவுக்குப் போவானேன்? 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின; அவர்களுள் குழந்தைகள் பலர். ஆகவே எங்கள் வீட்டில் விதி இது: ஒத்திகை முடியாமல் எவருக்கும் சிற்றுண்டி இல்லை, குழந்தைகளின் அளவுக்குரிய லைஃப் ஜாக்கெட் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் தாய் தந்தை இருவரும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். காது மந்தமான தாத்தாவுக்கு இரவில் அறிவிப்பு கேட்காது. கதவைத் தட்டி எழுப்பும் பொறுப்பு அடுத்த அறையில் இருக்கும் மருமகனுடையது.

இறுதியாக ஒன்று. சொல்வதற்கு யாரும் விரும்பாதது. பதின்மூன்று பேரும் ஒரே கப்பலில் போகிறோம். எங்கள் வைப்புகள் இருவர் பெயரிலும் இருக்கின்றன. நாமினி எனப்படும் நியமனதாரர் மூத்த மகன். அவனும் அதே கப்பலில்தான் இருப்பான். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நால்வர் வரை நியமனதாரராகக் குறிக்கலாம்; ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் குறிக்கலாம், ஒருவருக்குப் பின் ஒருவராகவும் குறிக்கலாம். பெட்டகத்துக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டும். நாங்கள் வரிசை முறையைத் தேர்ந்து, பிள்ளைகள் மூவரையும் அடுத்தடுத்துக் குறித்துவிட்டு, நான்காவதாக, பயணத்துக்கு வராத அம்மையாரின் தம்பியைக் குறித்தோம். நியமனதாரர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பதையும் அவரிடம் விளக்கினோம்.

மகள் தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். "நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது என்ன பேச்சு அப்பா இது?" என்றாள். படிவம் ஒரே பக்கம்தான் அம்மா, கால்மணி நேர வேலை என்றோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தங்கள் வைப்புகளில் யார் பெயர் இருக்கிறதென்று மருமகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டு வைத்தாள். மறுநாள் அழைத்தபோது, இரண்டு வைப்புகளில் எவர் பெயருமே இல்லை என்று தெரியவந்தது.

தம்பி திருப்பூணித்துறையில் இருக்கிறார். கணக்கு எண்களும் காப்பீட்டு விவரங்களும் எழுதிய உறையை ஒட்டி அவரிடம் கொடுத்துவிட்டோம். வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். துளசிக்கு மாலையில் தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். கப்பல் புறப்படும் அன்று மட்டாஞ்சேரிக் கரையில் நின்று கையசைப்பதாகவும், எந்தத் தளத்தில் நிற்போம் என்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டுமென்றும் கேட்டிருக்கிறார்.